நூம்பல் முதுகும் ஆவடித் தோளும்

கம்பவுண்டர் என்றால் மருந்து கலக்குகிறவன் என்று நினைப்பீர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் பூந்தமல்லி டிஸ்பென்சரியில் நான் கலக்கியதைவிடக் காது கொடுத்ததுதான் அதிகம். முதுகைப் பிடித்துக்கொண்டே இதைப் படிக்கும் அன்பர்களே, எனக்கும் கழுத்துப் பிடிப்பு உண்டு, நானும் உங்கள் கட்சிதான்.

எங்கே வலி?

நூம்பல் கிராமத்து முனுசாமிக்கு முதுகு பிடித்து இரண்டு வருஷம். கழனி உண்டு, ஒரு ஜோடி மாடு உண்டு, குனியத்தான் முடியாது. உழவுக்கு ஆள் கூலி, எண்ணெய், மந்திரிப்பு, எங்கள் மருந்து என்று போய், மனைவி கன்னியம்மாவின் காதிலும் கழுத்திலும் ஒன்றும் மிச்சமில்லை. மனுஷருக்குச் சோறு இறங்காது, தூக்கம் வராது, யாரோடும் பேச்சும் கிடையாது. எங்கள் டாக்டர் தங்கமானவர். எழுந்து வந்து முதுகை அழுத்திப் பார்த்து, எங்கேப்பா ரொம்ப வலிக்கிறது என்று கேட்டார். முனுசாமி நன்றாக யோசித்துவிட்டுச் சொன்னார்:

"ஊட்ல தான் சார்."

பெரிய புட்டி

மருந்துக்குப் புட்டி அவரவரே கொண்டுவர வேண்டும். ஒருநாள் கன்னியம்மா பானை மாதிரி ஒரு புட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு மாசத்து மருந்தை ஊற்று என்கிறாள். வாரத்தில் கெட்டுப்போகும் என்று நான் கத்தினேன்; எனக்கு மூக்குமேல் கோபம். அவள் அசரவில்லை. ஒவ்வொரு தடவை வரும்போதும் அவளுக்கு ஒருநாள் நடவுக்கூலி போகிறதாம். சரி, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயேன் என்றேன். அதற்கு மாட்டைத்தான் விற்க வேண்டும், அடுத்த சந்தையில் விற்கப் போகிறோம் என்றாள். நல்லதுதானே என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"மாட்ட வித்துட்டா ஏர்ல யாரக் கட்றது நைனா, உன்னியா?"

இரண்டு ஐயோ

ஆவடிப் பக்கத்து வண்டிக்காரர் சூசைக்குத் தோள் இறுகிவிட்டது. மூட்டை தூக்க முடியாது. வைத்தியத்துக்கு மாட்டை விற்றாயிற்று. மாடில்லாத வண்டி வாசலில் நிற்பதைப் பார்த்துப் பார்த்தே ஆள் பாதியாகிவிட்டார். செவ்வாய்க்கிழமைதோறும் அவரும் முனுசாமியும் ஒரே பெஞ்சில் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காருவார்கள். ஒருநாள் கூட்டம். தள்ளி உட்காருங்களேன்யா என்று அதட்டினேன். நகர்ந்தவர்கள் இடித்துக்கொண்டார்கள். முதுகு ஒரு ஐயோ, தோள் ஒரு ஐயோ. சூசைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் யார் வலி பெரிசு என்று போட்டி. யாருக்கு எவ்வளவு செலவு என்று அடுத்த போட்டி. மாட்டை விற்கப்போவதை முனுசாமி சொன்னதும் சூசையின் சிரிப்பு நின்றது.

"விக்காத அண்ணாத்தே. உங்கிட்ட மாடு கீது, எங்கிட்ட வண்டி கீது."

பூக்கூடை

அதற்கப்புறம் இரண்டு பேரும் டிஸ்பென்சரிப் பக்கமே காணோம். சந்தையும் வந்து போயிற்று. மாடு என்ன ஆயிற்றோ என்று எனக்குக் கவலை. ஒரு காலையில் பூக்கடைப் பக்கம் போனேன். அட, நூம்பல் தோட்டத்து மல்லிகையோடு வண்டி நிற்கிறது! நுகத்தில் பூட்டியிருப்பது முனுசாமியின் மாடுகளேதான். பூக்கூடைக்குக் கனம் ஏது? கன்னியம்மா இடுப்பு உயரத்துக்கு எடுத்துக் கொடுப்பாள், முனுசாமி குனியாமல் வாங்கி அடுக்குவார், சூசை நல்ல கையால் ஓட்டுவார். மூவரும் இட்லியை வைத்துக்கொண்டு சண்டை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். முனுசாமி சிரித்து நான் பார்த்ததே இல்லை. சந்தோஷமாகக் கிட்டே போனேன். வலி போய்விட்டதா என்று கேட்டேன். இட்லியை விழுங்கிவிட்டு முனுசாமி சொன்னார்:

"அது எங்க போவும் சார்? எங்க கூடவே வண்டில குந்திகினு வருது. கூலிதான் குடுக்க மாட்டேங்குது."

ஆகவே அன்பர்களே, மருந்தை நேரத்துக்குக் குடியுங்கள், ஆனால் டாக்டருக்குக் காத்திருக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடமிருந்து முகத்தை மட்டும் திருப்பிக்கொள்ளாதீர்கள்.