கல்யாண மண்டபத்தில் ஒரு கறுப்புத் திரை

கருமத்தம்பட்டி மண்டபத்து வாசலில், பெண், மாப்பிள்ளை பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறிகள் ஓடிக்கொண்டிருந்தன. சிவப்பு விளக்கெழுத்தில், பளிச்சென்று, வெட்கமே இல்லாமல். அந்த மின்பலகையை மாட்டிக் கொடுத்தவன் நான். காரமடையிலிருந்து மாப்பிள்ளை வீட்டு வேன்கள் அவிநாசி ரோட்டுக்கு வந்துவிட்டதாகப் போன் வந்திருந்தது.

“நிச்சயத்தன்னைக்கே இலை சின்னதுன்னு பேசுனவங்களுங்க அவங்க,” என்றார் பெண்ணின் அப்பா. “இதைப் பார்த்தா என்ன பேசுவாங்க, நீங்களே சொல்லுங்க.” அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மண்டப மேனேஜர் அறைக்கு ஓடினேன். நினைத்தது சரி. பழைய கம்ப்யூட்டரோடு ஒட்டிப் பிறந்த, எழுத்தடிக்கும் எடிட்டரிலேயே பெயர்களை அடித்திருக்கிறார். சேமிக்கும்போது, தமிழுக்கும் இடமுள்ள யூனிகோட் முறை என்று சொல்லாவிட்டால் அது தமிழை விழுங்கிவிட்டுக் கேள்விக்குறிகளைத் துப்பும். விழுங்கியது விழுங்கியதுதான், திரும்ப வராது. சரி, யூனிகோட் என்று சொன்னாலோ, கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைத் தானாகச் சேர்த்துவிடும். பலகைக்கு அது புரியாது. முதல் வரியில் மூன்று கோணல் எழுத்துகளைக் காட்டும். இரண்டு தொல்லையும் வேண்டாமென்றுதான் எத்தனையோ எடிட்டர்களை இறக்கிப் பார்த்து, தமிழை வாங்கியபடியே பத்திரமாகத் திருப்பித் தரும் ஒன்றைப் போன மாதம் போட்டுக் கொடுத்திருந்தேன்.

“அந்த எடிட்டர் எங்கீங்க?”

“அதை எடுத்துப்போட்டனுங்க.”

“ஏனுங்க?”

“தொறந்தா கருகருன்னு கெடக்குதுங்க சார். பொண்ணு மாப்பிள்ளை பேரை கருப்பு மேல எழுதறதுங்களா? உங்க ஊட்டுக் கல்யாணம்னா எழுதுவீங்களா?”

வருஷக்கணக்காக அந்தக் கறுப்பைப் பார்த்தே வாழ்கிறேன். எனக்கு அது இரவு வானம், எழுத்துகள் மின்மினி. கோப்பின் பைட்டுகளை எண்ணிச் சரிபார்த்துத் தேர்ந்தெடுத்த எடிட்டர், நிறத்துக்காகக் குப்பைக்குப் போயிருக்கிறது.

“ஒரு போன் பண்ணியிருக்கலாமில்லீங்க?”

“சிரிப்பீங்கன்னு இருந்துட்டனுங்க.”

சிரித்திருப்பேன். அதனால் எரிச்சல் இன்னும் ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு எடிட்டரை மறுபடி ஏற்றினேன். பின்னணியை வெள்ளையாக்கினேன். “வெறும் வெள்ளையுங்களா?” என்று இழுத்தார். வேன்கள் எங்கே வந்துகொண்டிருந்தனவோ. மஞ்சளைத் தேடிப் பிடித்துப் போட்டேன், நல்ல ஈரோட்டு மஞ்சள்.

“இது லட்சணமுங்க,” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்னை அடிக்க விடவில்லை. பெயரைத் தான்தான் அடிக்க வேண்டுமாம், கைராசியாம். ஒற்றை விரலில், ஒவ்வொரு எழுத்தாக, கோழி கொத்துவதுபோல. என் உயிர் அந்த விரல் நுனியில் ஏறி இறங்கியது.

வாசலில் ஹார்ன் சத்தம். கோப்பைப் பலகைக்கு அனுப்பிவிட்டு வாசலுக்கு ஓடினேன். பலகை ஒருமுறை இருண்டு, பெயர்கள் முழுசாக ஓட ஆரம்பித்தன. முதல் வேனிலிருந்து இறங்கிய பெரியவர் அண்ணாந்து வாசித்தார், உதடு அசைய, கடைசி எழுத்துவரை. தலையை ஆட்டிவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.

பெண்ணின் அப்பா என் பக்கமே திரும்பவில்லை. “வாங்க மாமா, வாங்க,” என்று கும்பிட்டபடி படியிறங்கிப் போனார்.