முதல் ஷிப்டுக்குத் திறந்த காப்பகம்

1. முதல் நாள்

ராஜபாளையத்தில் மில் சங்கு ஊதினால்தான் ஊருக்கு விடியும். எனக்கு மட்டும் அதற்கு முன்பே விடிந்துவிடும். எண்பதுகளின் நடுவில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய பிள்ளைகள் காப்பகத்தில் நான் டீச்சர். ஆறு மணி ஷிப்டுக்குப் போகிற பெண்கள் ஐந்தரைக்கே பிள்ளையைக் கொண்டுவந்துவிடுவார்கள்.

முதல் நாள் வந்தவள் முத்துமாரி. ஸ்பின்னிங் மில்லில் நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் செக்ஷன். இடுப்பில் கைக்குழந்தை, பின்னால் மூன்றாம் வகுப்புப் படிக்கும் மூத்த மகள் செல்வி.

"டீச்சர், இவன நீங்க வச்சுக்கிட்டீயன்னா இவ பள்ளிக்கூடம் போயிருவா. இல்லைன்னா இவதான் பாக்கணும்" என்றாள்.

நிறுவனத்தின் நோக்கம் என்று ஆண்டறிக்கையில் பக்கம் பக்கமாக எழுதுவோம். அவள் சொன்னதுதான் அத்தனையும்.

2. மனு

எங்கள் செயலாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். "இது அரசாங்கத்தோட கடமைம்மா. நாம செஞ்சு காட்டணும், அவங்க எடுத்து நடத்தணும்" என்பார். அது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

எங்கள் இடமோ ஒழுகும் ஓட்டுக் கட்டடம். மழை பெய்தால் தொட்டில்களை அவிழ்த்து மாற்றிக் கட்டுவதிலேயே பொழுது போய்விடும். அதனால் அரசாங்க அங்கன்வாடி கேட்டு அதிகாரியைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நடையாய் நடந்தோம். "பால்கோவா திங்கத்தான இப்படிப் போறீக" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். கட்டடம், சாப்பாடு, டீச்சர், ஆயா, விளையாட்டுச் சாமான் எல்லாவற்றையும் மனுவில் கேட்டோம்.

சும்மா சொல்லக் கூடாது, இரண்டு வருஷத்தில் கேட்டதெல்லாம் வந்தது. அங்கன்வாடி திறந்த அன்று கேசரி கிண்டினோம். பாய், பொம்மை எல்லாவற்றையும் அங்கே கொடுத்துவிட்டு எங்கள் காப்பகத்தை மூடினோம். இனி அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று, நன்கொடை தந்தவர்களும் வேறு ஊருக்குக் கொடுக்கப் போய்விட்டார்கள்.

3. பூட்டிய கதவு

மறுநாள் பழக்க தோஷத்தில் ஐந்தரைக்கே அங்கன்வாடிக்குப் போனேன். புதுக் கதவு, புதுப் பூட்டு. வாசலில் முத்துமாரி, செல்வி, நடை பழகிவிட்ட அந்தப் பையன்.

"எப்ப டீச்சர் திறப்பாவ?"

"பத்து மணிக்கு."

சங்கு ஊதியது. முத்துமாரி பையனைச் செல்வியின் இடுப்பில் ஏற்றினாள். "ஏட்டி, செத்த நேரம் பாத்துக்கோ. திறந்ததும் விட்டுட்டுப் பள்ளிக்கூடம் போ" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அங்கன்வாடி டீச்சரைக் குறை சொல்லி என்ன பயன்? ஆர்டரில் இருந்த நேரத்துக்கு அந்தப் பெண் ஒழுங்காகத்தான் வந்தாள். நான் மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓடினேன். அதிகாரி பொறுமையாகத்தான் பேசினார்.

"நேரம் ஸ்டேட் முழுக்க ஒண்ணுதாம்மா. நீங்களும் மனுவுல அதக் கேக்கலையே."

உண்மைதான். மில் ஊரில் பிள்ளை காப்பகம் என்றால் சங்குக்கு முன்னால் திறக்கும் என்பது யாருக்குத்தான் தெரியாது என்று இருந்துவிட்டோம்.

பத்து மணி வரைக்குமாவது பழைய இடத்தைத் திறக்கலாம் என்று செயலாளரிடம் கெஞ்சினேன். "அரசாங்கம் நடத்துற இடத்துக்குப் போட்டியா நாம கடை விரிக்கக் கூடாது" என்றார். பழைய இடத்தின் சாவியை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

செல்வி தினமும் தாமதமாகப் பள்ளிக்குப் போனாள். வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள். அரையாண்டுப் பரீட்சைக்குள் நின்றுவிட்டாள். அப்போது அவள் ஐந்தாம் வகுப்பு.

4. பஸ் ஸ்டாண்டில்

தொண்ணூறுகளின் கடைசியில் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் என் கையைப் பிடித்தாள். செல்வி. இடுப்பில் அவள் பிள்ளை.

"நானும் முதல் ஷிப்டுதான் டீச்சர். சங்கு ஊதுறதுக்கு முன்ன பிள்ளைய விட எங்கயாவது இடம் இருந்தாச் சொல்லுங்க."

இப்போது தொண்டு நிறுவனங்களுக்கு வேலைக்கு வருகிற இளம்பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அரசாங்கம் உங்கள் வேலையை எடுத்துக்கொண்டால் சந்தோஷப்படுங்கள், கேசரியும் கிண்டுங்கள். ஆனால் ஜனங்கள் உங்களிடம் வந்த அதே நேரத்துக்கு அந்தக் கதவு திறக்கிறதா என்று பார்க்காமல் உங்கள் கதவை மூடாதீர்கள்.

செல்விக்குச் சொல்ல என்னிடம் ஓர் இடமும் இல்லை. விசாரிக்கிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.