லேட்டரல் வூடு

கோகிலவாணியை நான் முதன்முதலில் பார்த்தது எங்கள் கல்லூரிப் பெண்கள் விடுதியில், வார்டன் அறை வாசலில். டிப்ளமோ முடித்துவிட்டு நேராக பி.இ. இரண்டாம் வருடத்தில் சேருகிறவர்களை லேட்டரல் என்பார்கள். அந்த வருடம் சிவில் பிரிவில் அப்படி வந்த பெண்கள் நாங்கள் நான்கு பேர். முதல் வருடமே சேர்ந்தவர்கள் விடுதியின் நல்ல அறைகளை எல்லாம் பிடித்திருந்தார்கள். நடுவில் வந்த எங்களுக்கு மிஞ்சியது மாடிப்படியை ஒட்டிய நீளமான ஹால்தான். அதில் தங்குவதா, உளுந்தூர்பேட்டையில் வெளியே வீடு எடுப்பதா என்று ஆளாளுக்கு யோசித்துக்கொண்டு நின்றோம்.

எனக்கு யோசிக்க வேலையே இல்லை. என் அப்பா நாராயணசாமி கள்ளக்குறிச்சிப் பக்கம் கரும்பு போடுகிறவர். "ஹாஸ்டல்தான் சுபா. வேற பேச்சே வேணாம்" என்று வீட்டிலேயே முடித்துவிட்டார்.

எனக்கு முன்னால் நின்ற பெண்ணிடம் வார்டன், "கையெழுத்து போட அப்பா வந்திருக்காராம்மா?" என்று கேட்டார்.

"அப்பா இல்ல மேடம். வூட்டுக்காரரு வந்துகீறாரு."

வார்டன் நிமிர்ந்து பார்த்தார். அவளுக்குப் பின்னால் காக்கிச் சட்டை போட்ட ஒருவர், தோளில் தூங்கும் பெண் குழந்தையோடு நின்றார்.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு மேடம். கொழந்தயும் கீது. மறைக்கிறதுக்கு இன்னா இருக்குது?"

வார்டன் நல்லவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கல்யாணம் ஆனவங்க தங்கக் கூடாதுன்னு ரூல் ஒண்ணும் இல்ல. ஆனா குழந்தைய இங்க வச்சுக்க முடியாதும்மா" என்றார்.

"தெரியும் மேடம். அது ஊர்ல மாமியாருகிட்ட இருக்கும்."

அவள் ஊர் கல்வராயன் மலையில் கரியாலூர். பிளஸ் டூ முடித்ததும் இளவரசனுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அவர் வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் ஜீப் ஓட்டுகிறவர். கல்யாணமான புதிதில் அவள் படிக்க ஆசைப்படுவதாகச் சொன்னபோது, "படி. வாணாம்னு யாரு சொன்னா?" என்று அவரே கள்ளக்குறிச்சி பாலிடெக்னிக்கில் கொண்டுபோய்ச் சேர்த்தார். வயிற்றில் மகள் தமிழ்மொழி இருக்கும்போதே கோகிலா பரீட்சை எழுதினாள். பிள்ளை கொஞ்சம் வளரும்வரை வீட்டில் இருந்துவிட்டு இங்கே வந்திருந்தாள்.

ஏன் சிவில் என்று ஹாலில் ஒருநாள் கேட்டேன். "மழ பேஞ்சா எங்க கொட்டாயிக்குப் போற வழி அறுத்துக்கும் சுபா. சரி பண்ண வர்றவங்க எல்லாம் கீழ இருந்துதான் வராங்க. மேல இருந்து ஒருத்தி படிச்சு வந்தா இன்னா?" என்றாள்.

விடுதி அவளுக்குப் பிடித்திருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். குழாயைத் திறந்தால் தண்ணீர். மணியடித்தால் சோறு. நூலகம் நாலு எட்டில். "ஒல வைக்காம சாயங்காலம் புக்க தொறக்கறது எனக்கு இதான் மொத தடவ" என்று சந்தோஷமாகச் சொல்வாள். எங்களைவிடப் பெரியவள் என்பதால் விடுதியில் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். வருவோரும் போவோரும் அப்படியே கூப்பிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இளவரசன் தமிழ்மொழியைக் கூட்டிக்கொண்டு மலையிறங்கி வருவார். பார்வையாளர் அறையில் குழந்தையைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம் இருக்கும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளம்புகிற நேரத்தில் குழந்தை அப்பா தோளில் இருந்தபடி கையாட்டி, "போய்ட்டு வரேன் கோகிலா அக்கா" என்றது.

எல்லோரும் சிரித்தோம். கோகிலாவும் சிரித்தாள். ஆனால் மறுநாள் காலை மெஸ்ஸில் தட்டில் போட்ட இட்லி அப்படியே இருந்தது.

"நான் வெளிய வூடு பாக்கப்போறேன் சுபா. தண்ணி புடிக்கணும், சமைக்கணும், படிக்கிற நேரம் கம்மியாவும். எல்லாம் தெரியும். ஆனா என் கொழந்தைக்கு நான் அக்காவா ஆவ முடியாது."

வீடு தேட நானும் கூடப் போனேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு வீட்டில் வீட்டுக்கார அம்மாவுக்கு எங்களைப் பிடித்துவிட்டது. அலமாரியைக்கூடத் திறந்து காட்டினார். பிறகு ஊரைக் கேட்டார்.

"கரியாலூருங்க."

"மலையா?" என்றவர் குரல் மாறிவிட்டது. சொந்தக்காரர்கள் வந்து தங்கப் போகிறார்கள், அது ஞாபகமில்லாமல் காட்டிவிட்டேன் என்றார். எனக்குத் தலை குனிந்துவிட்டது. கோகிலா செருப்பை மாட்டிக்கொண்டு, நிதானமாகத் திரும்பி, "வர்ற சொந்தக்காரங்கள நல்லா கவனிச்சுக்கோங்கம்மா" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

கடைசியில் கிடைத்தது நெடுஞ்சாலை ஓரம், சுப்புராயன் என்பவர் நடத்திய சாப்பாட்டுக் கடையின் மேல்மாடி. லாரிக்காரர்கள் சாப்பிடும் கடை. "வண்டி சத்தம் விடிய விடிய இருக்கும்மா. ஒத்தையா ஒரு பொம்பளைக்குக் குடுக்க மாட்டேன். நாலு பேரா வந்தா பாக்கலாம்" என்றார் அவர்.

கோகிலா படிக்கட்டைப் பார்த்தாள். அது நேராக ரோட்டைப் பார்த்துத் திறந்திருந்தது. "கீழ ஒரு இரும்பு கேட்டு போட்டுக் குடுங்க. சாவி எங்ககிட்ட இருக்கணும்."

"சாவி உங்ககிட்டயா?"

"வூட்ல குடியிருக்கிறவங்ககிட்டதானங்க சாவி இருக்கும்?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த வாரமே கேட் வந்துவிட்டது.

மற்ற இரண்டு லேட்டரல் பெண்களும் ஒப்புக்கொண்டார்கள். பாக்கி நான். எனக்கு ஹாலைவிட அந்த மாடி பிடித்திருந்தது. அங்கே சன்னல் இருந்தது, எங்களுக்கென்று ஒரு கதவு இருந்தது. ஆனால் அப்பாவிடம் சொல்லப் பயம். ஒருவழியாகச் சொன்னேன். அவர் உடனே பஸ் ஏறி வந்துவிட்டார். மாடியைப் பார்த்தார், கேட்டை ஆட்டிப் பார்த்தார், கீழே கடை பெஞ்சில் உட்கார்ந்து கோகிலாவைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா எனக்கு யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேங்க. உங்க பொண்ணு மட்டுமில்ல, என் பொண்ணும் இந்த வூட்லதான் தூங்கப்போவுது."

அப்பா டீயைக் குடித்து முடித்தார். பிறகு என்னைப் பார்த்து, "கட்டில் இருக்குதா, வூட்ல இருந்து பாய் எடுத்துக்கினு வரவா?" என்றார்.

தமிழ்மொழி எங்களோடு வந்து சேர்ந்தது. பக்கத்துத் தெருவில் அங்கன்வாடி. கோகிலாவுக்கு லேப் இருக்கும் நாளில் எங்களில் ஒருத்தி போய் அழைத்து வருவோம். லாரி ஹாரன் சத்தத்தில் குழந்தை தூங்கிவிடும், எங்களுக்குத்தான் பழக ரொம்ப நாள் பிடித்தது.

எல்லாம் சுகமாக நடக்கவில்லை. முதல் வருடக் கணக்கு படிக்காமல் நடுவில் வந்தவர்கள் நாங்கள். முதல் செமஸ்டரில் கணக்கில் மூன்று பேருக்கு அரியர். அதில் கோகிலாவும் ஒருத்தி. "ஹாஸ்டல்லயே இருந்திருந்தா பாஸ் பண்ணியிருப்பேனோ?" என்று கேட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இளவரசன் வந்தபோது விஷயத்தைச் சொன்னாள். அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டார். "காலைல இருந்து பொழுது சாயற வரைக்கும் இவ என்கூட. நீங்க நாலு பேரும் கணக்கப் போடுங்க" என்றார். அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான். போகிறபோது மனைவியின் சேலைகளைக்கூட மொட்டை மாடியில் துவைத்துக் காயப்போட்டுவிட்டுப் போவார். கீழே லாரிக்காரர்கள் அண்ணாந்து பார்த்துச் சிரிப்பார்கள். "பாக்கட்டும்" என்று இன்னொரு சேலையை உதறுவார். அடுத்த முறை மூன்று பேரும் பாஸ்.

அடுத்த வருடம் புதிய லேட்டரல் பெண்கள் வந்தார்கள். ஹாஸ்டலா வெளியா என்று கோகிலாவைத்தான் கேட்டார்கள். எது நல்லது என்று அவள் யாருக்கும் சொல்லவில்லை. இரண்டு இடத்துக்கும் கூட்டிப் போய்க் காட்டினாள். பயந்த சுபாவமுள்ள ஒரு பெண்ணிடம், "உனக்கு ஹாஸ்டல்தாம்மா சரி. அங்க நிம்மதியா படிப்ப" என்று அவளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தாள். அந்த வருடமே கைக்குழந்தைக்காரி ஒருத்தி விடுதியில் இடம் கேட்டு வந்தபோது, வார்டன் தானாகவே போன் செய்தார். "கோகிலவாணி, ஒங்க வீட்ல இடம் இருக்குமா?" என்று கேட்டார். சுப்புராயன் பக்கத்துப் போர்ஷனையும் கொடுத்தார். ஷேர் ஆட்டோக்காரர்கள் எங்கள் நிறுத்தத்துக்கு லேட்டரல் வூடு என்று பெயர் வைத்துவிட்டார்கள். நாங்கள் படித்து முடித்து வெளியேறிவிட்டோம். இன்றும் அங்கே நடுவில் வந்த பெண்கள்தான் குடியிருக்கிறார்கள்.

கோகிலா இப்போது ஒரு கான்ட்ராக்டரிடம் சைட் இன்ஜினியர். மலைப்பாதையில் தடுப்புச் சுவர் கட்டும் வேலை. போன மாதம் அவளைப் பார்க்க வெள்ளிமலை பஸ்ஸில் போனேன். ஒரு வளைவில் வண்டிகள் எல்லாம் நின்றிருந்தன. இறங்கிப் பார்த்தால், தலையில் மஞ்சள் ஹெல்மெட்டோடு கோகிலா. கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்ததால் இரண்டு பக்கமும் போக்குவரத்தை நிறுத்தியிருந்தாள். எதிர்ப்பக்கம் முதலில் நின்றது இளவரசனின் ஜீப்.

"அவசரமா போவணும், வழி வுடச் சொல்லுப்பா" என்று உள்ளே இருந்த ஒருவர் நச்சரித்தார்.

இளவரசன் இன்ஜினை அணைத்துவிட்டு சாவகாசமாகச் சாய்ந்துகொண்டார். "அதெல்லாம் முடியாதுண்ணா. இன்ஜினியரு சொன்னாத்தான் வண்டி நவுரும்" என்றார். பிறகு பின்சீட்டில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி, "யாருன்னு தெரியுதா? நம்ம வூட்டுக்காரிதான்" என்றார்.