ஐ ஆம் ஃபியூரியஸ், சேர்!

தீபாவளிக்கு முந்திய ஒரு சனிக்கிழமை, கண்டி நகரத்து மாடியறை ஒன்றில் உட்கார்ந்து கோபப்படுவது எப்படி என்று படித்துக்கொண்டிருந்தேன். இங்கிலீஷில்!

இந்தப் பத்தியை வாரம் தவறாமல் வாசிக்கிற உங்களிடம் எதற்கு ஒளிக்க வேண்டும்? எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வரும். தட்டுத்தடுமாறி எழுதவும் வரும். பேச மட்டும்... ம்ஹூம். வாயைத் திறந்தால் எழுவாய் கட்டுகஸ்தோட்டைப் பக்கமும் பயனிலை பேராதனைப் பக்கமுமாக ஓடிவிடும். பொறுத்துப் பார்த்த என் மனைவி, ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் என்னைச் சேர்த்துவிட்டாள்.

வகுப்பு நடத்துபவர் ஃபரீனா டீச்சர். அக்குறணைக்காரர். அன்று கரும்பலகையில் ஒரே ஒரு சொல்லை எழுதினார் — ஃபியூரியஸ்.

"இது சும்மா கோபம் இல்ல. தலைக்கு ஏறின கோபம். ஆளுக்கொரு வசனம் சொல்லுங்க பாப்பம்."

முதலில் எழுந்தவர் சிவநேசன். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த வங்கி ஊழியர். "மை பாஸ் வோஸ் ஃபியூரியஸ் வித் மீ" என்றார். அடுத்து த்ரீவீல் ஓட்டும் தம்பி ஒருவர். அவர்மேல் பொலிஸ்காரருக்கு ஃபியூரியஸ். அதன்பின் சாந்தி. நாவலப்பிட்டிப் பக்கத் தேயிலைத் தோட்டத்துப் பெண். கண்டியில் ஒரு பெரிய ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்கிற வேலை. அவர்மேல் வெளிநாட்டு விருந்தாளிக்கு ஃபியூரியஸ்.

என்மேல் என் மனைவிக்கு ஃபியூரியஸ். வகுப்பிலேயே நிகழ்காலத்தில் வசனம் சொன்ன ஒரே ஆள் நான்தான்.

டீச்சர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"எல்லார்ட வசனத்திலயும் வேற ஆரோதான் கோபப்படுறாங்க. நீங்க வாங்கிக் கட்டிக்கிற ஆள். அல்லாஹ்வே, உங்க ஒருத்தருக்கும் கோபமே வாறதில்லயா? 'ஐ' என்டு தொடங்கிச் சொல்லுங்க!"

சிவநேசன் மெதுவாக, "ஐ வோஸ் எ லிட்டில் ஃபியூரியஸ்" என்றார்.

"கொஞ்சூண்டு ஃபியூரியஸ் என்டு ஒன்டு இல்ல, சிவநேசன்."

"ஓம் டீச்சர். ஆனா அதுக்கு மேல போனா திரும்பவும் ட்ரான்ஸ்ஃபர் தந்திடுவினம்."

சாந்தி எழுந்தார். "ஐ ஆம் ஃபியூரியஸ், சாரி."

"அந்த சாரிய வெட்டுங்க!"

யோசித்துப் பாருங்கள். நம்மவர்கள் இங்கிலீஷ் படிக்கத் தொடங்கினால் முதலில் கற்பது சாரி. பிறகு ப்ளீஸ். பிறகு தேங்க் யூ. கோபம் நம் பாடத்திட்டத்திலேயே கிடையாது! அன்று டீச்சர் விடவில்லை. எல்லோரும் ஒரே குரலில் "ஐ ஆம் ஃபியூரியஸ்" என்று கத்த வேண்டியதாயிற்று. கீழே இருக்கும் மருந்துக்கடைக்காரர் பயந்துபோய்ப் படியேறி வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த சனிக்கிழமை சாந்தி வகுப்புக்கு வந்தபோது முகமே வேறு மாதிரி இருந்தது. என்ன சங்கதி?

தீபாவளிக்கு அவருக்குக் கிடைத்திருந்த லீவை மெனேஜர் ரத்துச் செய்திருக்கிறார். உல்லாசப் பயணிகள் கூட்டம் ஒன்று வருகிறதாம். போன வருஷமும் இதே கதை. ஊரில் பிள்ளைகள் புத்தாடை போட்டுக்கொண்டு ஃபோனில் படம் அனுப்ப, அம்மா இங்கே யாருடையதோ படுக்கைவிரிப்பை மடித்துக்கொண்டே அதைப் பார்த்திருக்கிறார். இந்த வருஷம் கட்டாயம் வருவேன் என்று சின்ன மகளுக்குச் சத்தியம் செய்து கொடுத்தாயிற்று.

மெனேஜரோ, ஊழியர்களிடம் இங்கிலீஷைத் தவிர வேறெதுவும் பேசாத மனிதர்.

"எப்பவும் போல 'ப்ளீஸ் சேர்'னுதாங்க ஆரம்பிச்சேன்" என்றார் சாந்தி. "அவரு கம்ப்யூட்டரையே பாத்துக்கிட்டு 'நோ'ன்னுட்டாரு. அப்புறம் எப்படின்னே தெரியலைங்க... 'ஐ ஆம் ஃபியூரியஸ், சேர்'னு வாயில வந்திருச்சு."

டீச்சர் முன்னால் குனிந்தார். "சாரி சொன்னீங்களா?"

"சொல்லல டீச்சர்."

வகுப்பே கை தட்டியது.

மெனேஜர் தலையை நிமிர்த்தினாராம். கண்ணாடியைக் கழற்றினாராம். "சிட் டவுன், சாந்தி" என்றாராம். இத்தனை காலமும் தான் தூசு தட்டிய கதிரையில் சாந்தி முதன்முதலாக உட்கார்ந்திருக்கிறார்.

"வை?" என்று கேட்டிருக்கிறார் மெனேஜர்.

அங்கேதான் சிக்கல். கோபத்துக்குச் சொல் இருந்தது. காரணத்துக்கு இல்லை, டீச்சர் இன்னும் அந்தப் பாடத்துக்கு வரவில்லை! வேறு வழியில்லாமல், போன தீபாவளியையும் மகளையும் சத்தியத்தையும் தமிழிலேயே கொட்டித் தீர்த்திருக்கிறார்.

"முழுசாக் கேட்டுட்டு, 'சரி சரி, அழாத புள்ள. ஊருக்குப் போயிட்டு வா'ன்னாருங்க! அப்படியே எங்க தோட்டத்துப் பேச்சு! அவருக்கும் ஊரு ஹட்டன் பக்கமாம். இத்தன நாளா ஒரு வார்த்த தமிழ்ல பேசல பாருங்க..." கொஞ்சம் நிறுத்தி, "நான் ஒண்ணும் அழலைங்க" என்றார்.

இதே வசனத்தைத் தமிழில் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வாய்க்கொழுப்பு என்றிருப்பார்கள். சிங்களத்தில் சொல்லியிருந்தால் சண்டை. இங்கிலீஷில் சொன்னால் மட்டும் அது கருத்து! கதிரை கிடைக்கிறது.

நானும் சும்மா இருக்கவில்லை. ஓர் அலுவலகத்தில், பகல் சாப்பாட்டுக்குப் போனவர் திரும்பி வரும்வரை நின்று நின்று கால் கடுத்து, வந்தவரிடம் "ஐ ஆம் ஃபியூரியஸ்" என்றேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "ஃபியூரியஸ் என்றால் நாலாவது கவுன்டர்" என்றார். எல்லோருக்கும் எல்லாச் சொல்லும் பலிக்காது.

தீபாவளி முடிந்து சாந்தி முறுக்கு டப்பாவோடு வகுப்புக்கு வந்தார். ஊரில் இருந்த மூன்று நாளும் மகள் தோளை விட்டு இறங்கவில்லையாம். ஆனால் ஹோட்டலில் நிலவரம் முற்றிவிட்டது. அந்தச் சொல் பரவிவிட்டது! சலவைக்காரர்கள் ஃபியூரியஸ். சமையற்கட்டு ஃபியூரியஸ். வாசலில் சலாம் போடுகிற பெரியவரும் மழையில் நிற்கவைத்ததற்காக ஃபியூரியஸ். மெனேஜரின் அறையில் கதிரை போதவில்லை.

கடைசியில் கூட்டம் போட்டு அறிவித்திருக்கிறார்கள். அந்தச் சொல் ஹோட்டலுக்கு நல்லதில்லை. இனி யாரும் ஃபியூரியஸ் ஆகக்கூடாது. வேண்டுமானால் 'கன்சர்ன்ட்' என்று சொல்லலாம்.

"அப்படின்னா என்னாங்க டீச்சர்?" என்று கேட்டார் சாந்தி.

டீச்சர் சற்று யோசித்தார். "கவல என்டு வெச்சுக்குங்களேன். மனசுக்குள்ள ஒரு கவல."

சாந்தி கொப்பியை மூடினார்.

"கவலையா? அதுதான் எங்ககிட்ட ஏற்கெனவே எக்கச்சக்கமா இருக்கே டீச்சர்... அதுக்கு எதுக்கு இங்கிலீஷு?"