திரையைப் பார்க்காதவர்

காந்திபுரத்தில் பழைய கேம்கார்டர் டேப்புகளைப் பென்டிரைவில் ஏற்றித் தருபவர் அவர். நரைத்த மீசை, கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி. டேப் ஓடும்போது திரையைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார். அடுத்தவர் வீட்டு விசேஷத்தை அவர் பார்ப்பதில்லை.

போன வருடம் நோயில் இறந்த என் தம்பி இருக்கும் ஒரே டேப்பைக் கொடுத்திருந்தேன். சின்ன வயதில் ஆனைமலைப் பக்கம் ஆற்றில் குடும்பத்தோடு குளித்தபோது நான் எடுத்தது.

வாங்கப் போனபோது அவர் தயங்கினார்.

“ஏனுங்க, படத்தப் பாக்கலீங்க. சத்தம் மட்டும் காதுல உழுந்துருச்சுங்க. ‘அண்ணா, கேமராவ வெச்சுப்போட்டு நீயும் வா’ன்னு ஒரு பையன் கூப்பிட்டுட்டே இருந்தானுங்க. போனீங்களா?”

“இல்லீங்க” என்றேன்.

திரைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்தார். படத்தை ஓடவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனார். அந்தக் கேள்வியை அதுவரை யாருமே என்னிடம் கேட்டதில்லை.