பிண்ணாக்கு எண்ணெயை மருந்தென்று நம்பிய எங்கள் அம்மா

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்கள் பொறுத்தருள வேண்டும். மகளாகிய எனக்குக் கோபம் இன்னும் தணியவில்லை.

அம்மா பண்டார் தெங்காரா பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தார். தாய் இறந்துவிட, பள்ளிக்கூடத்தை விட்டு, கைக்குழந்தையாயிருந்த தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தார். அந்தத் தம்பிதான் எங்கள் மாமா. திருமணமாகிக் கூலாய்க்கு வந்தபின், தொழிற்சாலை கேன்டீனில் சமைத்து அண்ணனையும் என்னையும் ஆளாக்கினார். பசியென்று வந்தவர் யாரிடமும் முகம் சுளித்ததில்லை.

பிற்காலத்தில் அம்மாவுக்கு இரத்த அழுத்தம் வந்தது. கிளினிக் மாத்திரையில் நன்றாகத்தான் இருந்தார். அப்போதுதான் ஆலிவ் எண்ணெய் விற்கத் தொடங்கியிருந்த மாமா பாட்டில்களோடு வந்து சேர்ந்தார்.

"வெறும் வயித்துல ரெண்டு கரண்டி குடிங்கக்கா. மாத்திரை எல்லாம் கெமிக்கல் லா, தூக்கிப் போடுங்க" என்றார். அம்மாவும் மாத்திரையை நிறுத்திவிட்டார்.

நான் பாசிர் கூடாங்கில் எண்ணெய் ஆலையில் வேலை செய்பவள். லேபிளைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆலிவ் காயை அரைத்து, ரசாயனமும் அதிகச் சூடும் இல்லாமல் பிரித்தெடுப்பதுதான் முதல் தரம். எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் சக்கையை நாம் பிண்ணாக்கு என்போமே, அதில் ஒட்டியிருப்பதை ரசாயனம் ஊற்றிக் கரைத்தெடுத்து, சுத்திகரித்து, கொஞ்சம் நல்ல எண்ணெய் கலந்து விற்பது கடைசித் தரம். மாமா கொடுத்தது அதுதான். அதில் வடை சுடலாம், குற்றமில்லை. மருந்தா அது? முதல் தரமே ஆனாலும் மாத்திரைக்கு ஈடாகுமா?

"கெமிக்கல்னு மாத்திரையை நிறுத்தினீங்களே, இந்த எண்ணெயே கெமிக்கல் ஊத்தி எடுத்ததும்மா!" என்று கத்தினேன்.

"நான் தூக்கி வளத்த புள்ள அவன். எனக்குப் போயி கெடுதல் பண்ணுவானா?" என்றார் அம்மா; மாத்திரையை மறுபடி தொடவேயில்லை. பக்கவாதம் வந்து படுத்தவர், பிறகு எழவேயில்லை.

மருத்துவமனையில் எங்களோடு மாறி மாறிக் காத்திருந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், சமைத்து அனுப்பிய கேன்டீன் தோழிகளுக்கும், பெர்மாஸ் ஜெயாவிலிருந்து வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்த பெரியப்பா பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

"போனாப் போகுது, மாமாவுக்கும் ஒரு வரி நன்றி போடும்மா" என்றார் அண்ணன். போடமாட்டேன். கருமாதியன்று பந்தியில் வயிறாரச் சாப்பிட்டு முடித்த மாமா, சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து விழுங்கினார். என்ன மாத்திரை என்று கேட்டேன்.

"பிரஷருக்கு லா. ஒரு நாள்கூட விடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்று கூசாமல் சொன்னார்.