மருதை அண்ணனின் ரேடியோவில் கேட்டது

எங்கள் தோட்டத்தில் யாருக்காவது பேய் பிடித்தது என்றால் முதல் ஆளாய்ச் சிரித்தவன் நான். சும்மா இல்லை, காரணத்தோடு சிரிப்பேன். ஒரு தடவை கோயில் குழாய் ஸ்பீக்கர், பாட்டு எதுவும் போடாமலே, சிங்களத்தில் பேசுகிறது என்று பொம்பளைகள் எல்லாம் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். போய்ப் பார்த்தேன். மைக் வயர் முப்பது அடி நீளம், ஷீல்டு பிய்ந்து தொங்குகிறது, கீழ் ரோட்டில் பொலிஸ் ஜீப் நிற்கிறது. அவன் வயர்லெஸ்ஸில் பேசியதை இந்த வயர் ஏரியல் மாதிரி இழுத்து ஆம்பிளிஃபயருக்குள் விட்டிருக்கிறது. வயரைப் பிடுங்கினேன், சாமி மலையேறிவிட்டது. அப்படிப்பட்ட ஆள் சொல்கிறேன். நம்பாவிட்டால் போங்கள், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. குறுக்கே பேசாமல் மட்டும் கேளுங்கள்.

தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு வாக்கில் எஹலியகொடைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தேன். பகலில் ரப்பர் ஸ்டோரில், அதாவது தோட்டத்து ஃபாக்டரியில், மோட்டார், லைட் வேலை. பின்னேரம் ரேடியோ ரிப்பேர். லயம் என்றால் வரிசையாய் ஒட்டிய ஒற்றை அறை வீடுகள்; அதில் எனக்கு அடுத்த காம்பரா மருதை அண்ணனுடையது. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். அவர் மனைவி சரோஜா, எனக்கு அண்ணி முறை, அரபு நாட்டில் ஒரு வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பேருக்கும் எழுதப் படிக்க வராது. அதனால் கடிதத்துக்குப் பதில் கேசட். ஊருக்குத் திரும்புகிற யாராவது ஒரு பெண் கையில் கொடுத்தனுப்புவாள். அப்படி நாலு வந்திருந்தது.

அவள் அனுப்பிய செட்டில் ரேடியோ வேலை செய்தது, கேசட் ஓடவில்லை. அதனால் கேசட்டெல்லாம் என்னிடம்தான் இருந்தன. கேட்கவேண்டும் போலிருந்தால் என் காம்பராவுக்கு வந்து சம்மணம் போட்டு உட்காருவார். கேசட் "சாப்டீங்களா" என்று கேட்கும். "ஆச்சு புள்ள" என்பார். எத்தனை தடவை போட்டாலும் அத்தனை தடவையும் பதில் சொல்வார். அவருக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான், எப்போது திரும்பி வருவாள் என்பது. நாலாவது கேசட்டில் அவள் சொல்லியிருந்தாள்: "தீவாளிக்கு வரமாட்டேன், தையில கட்டாயம் வந்துருவேன்." அதை மட்டும் அன்றைக்கு ஒன்பது தடவை போடச் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு. என் கூட்டாளி பெனடிக்ட்டுக்கு அதைவிடச் சிரிப்பு. அவன் ஸ்டோரில் கதவு பூட்டித் திறக்கிற வேலை, பொழுது போகாத ஆள். நாங்கள் செய்ததைச் சொல்கிறேன், நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி.

இரண்டு டிரான்சிஸ்டர், பேனாக் குச்சியில் சுற்றிய ஒரு காயில், ஒன்பது வோல்ட் பாட்டரி. இவ்வளவு இருந்தால் ஒரு எஃப்எம் டிரான்ஸ்மிட்டர். நெருப்புப்பெட்டிக்குள் அடங்கும், நாலு காம்பரா தூரம் போகும். அதைக் கையில் வைத்திருந்தாலே அந்த நாட்களில் தமிழன் உள்ளே போய்விடுவான், கொழும்பில் எங்கேயாவது வெடித்தால் லயத்தில் வந்து செக்கிங். அது தெரிந்தும் செய்தேன், கெட்டிக்காரத்தனம் காட்டவேண்டும் என்கிற வெறி. அண்ணியின் கேசட்டுகளிலிருந்து சொல் சொல்லாய்ப் பொறுக்கி, டபிள் டெக்கில் நிறுத்தி நிறுத்தி இன்னொரு கேசட்டில் ஒட்டினேன். மருதை அண்ணனிடம் போய், "அண்ணே, வெளிநாட்டுல இருக்கிறவங்க பேசுறதுக்குன்னே புதுசா ஒரு ஸ்டேஷன் வந்திருக்கு, ஆறு மணிக்கு வைங்க, அண்ணியும் பேசுனாலும் பேசுவாங்க" என்று சொல்லி, ஸ்டேஷன் எதுவும் இல்லாத ஓர் இடத்தில் முள்ளை வைத்துக் கொடுத்தேன்.

லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போகாது என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். ஆறு மணிக்கு நாங்கள் அனுப்புவோம், அவர் ரேடியோ பேசும், அவர் பதில் சொல்வார், நானும் பெனடிக்ட்டும் சாரத்தை வாயில் திணித்துக்கொண்டு உருளுவோம். மூன்றாம் நாளிலிருந்து அவர் குளித்து, தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ரேடியோ முன்னால் உட்கார ஆரம்பித்தார். அதையும் சொல்லிச் சிரித்தோம்.

பிறகு ஒரு நாள் பெனடிக்ட் சொன்னான், "அந்த 'வரமாட்டேன்'ங்கிறத மட்டும் தனியா வெட்டுடா, பாப்போம்." வெட்டினேன். அன்றைக்கு ஆறு மணிக்கு அதை மட்டும் ஓட்டினோம். வரமாட்டேன். கொஞ்சம் விட்டு, வரமாட்டேன். மறுபடியும், வரமாட்டேன். அப்புறம் அவர், "ஏன் புள்ள, நா என்னா செஞ்சேன்" என்று கேட்டார். அழுதார். ஐம்பது வயது ஆம்பிளை, விக்கி விக்கி அழுதார். பெனடிக்ட் என் தொடையைக் கிள்ளிக்கொண்டு சிரிக்கிறான். எனக்கு என்னவோ போலாகி கேசட்டை நிறுத்தினேன், டிரான்ஸ்மிட்டரின் பாட்டரியையும் பிடுங்கிவிட்டேன்.

இனிச் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். எஃப்எம்மில் ஸ்டேஷன் இல்லாத இடத்தில் ரேடியோ சும்மா இருக்காது, இஸ்ஸென்று இரையும். யாராவது அலை அனுப்பினால்தான், பேசாமல் வெறுமனே அனுப்பினாலும், அந்த இரைச்சல் அடங்கும். சரி பார்ப்பதற்காக என் கையிலும் ஒரு சின்ன ரேடியோ அதே இடத்தில் இருந்தது. பாட்டரியைப் பிடுங்கினதும் என் ரேடியோ இரைந்தது. மருதை அண்ணனுடையது இரையவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் விக்குகிற சத்தம் மட்டும்தான். அப்படியென்றால் வேறு யாரோ அலை அனுப்புகிறார்கள். ஒரு சுவர் தள்ளியிருக்கிற என் ரேடியோவுக்கே எட்டாத அளவு சின்ன அலை. அதை அனுப்புகிறவர் அந்தக் காம்பராவுக்குள் இருக்கவேண்டும். அங்கே மருதை அண்ணனைத் தவிர ஒருவரும் இல்லை.

அப்போது அண்ணியின் குரல் வந்தது. "பொட்டிய தொறக்காதீங்க." அவ்வளவுதான். அதற்குப் பின்னாலேயே ரேடியோவுக்குள் ஒரு சங்கு ஊதியது. வேலை நேரத்துக்கு ஊதுகிற எங்கள் ஸ்டோர் சங்கு மாதிரியே, கடைசியில் கம்மிப்போய் இழுக்கிற அதே இழுப்பு. வெளியே சங்கு ஊதவில்லை, ஆறு மணிக்கு ஊதுவதும் இல்லை, ஸ்டோரைப் பூட்டிவிட்டு வந்தவனே என் பக்கத்தில்தான் இருந்தான். பிறகு அந்த ரேடியோவும் இரைய ஆரம்பித்தது.

"நீதான செஞ்ச?" என்றான் பெனடிக்ட். பாட்டரியைக் காட்டினேன். எழுந்து போனவன் அப்புறம் என் காம்பராவுக்கு வரவே இல்லை.

எட்டு நாள் கழித்துத் தோட்டத்து ஆபீசுக்குப் போன் வந்தது. சரோஜா செத்துவிட்டாள், மாடியிலிருந்து விழுந்ததாம். பின்னால் வந்த மரணப் பத்திரத்தில் செத்த தேதி இருந்தது. நாங்கள் வரமாட்டேன், வரமாட்டேன் என்று ஓட்டிய நாளுக்கு முந்தின நாள். போன் வந்த அன்றைக்கே டிரான்ஸ்மிட்டரை நசுக்கி ஓடையில் எறிந்தேன். டபிள் டெக்கையும் எஹலியகொடையில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டேன். அழுதேனா என்று கேட்காதீர்கள். பயந்தேன், அவ்வளவுதான்.

பெட்டி வந்தது. ஆணி அடித்து, ஓரமெல்லாம் தகரம் ஒட்டிய பெட்டி. கூடவே பொலிஸ் ஸ்டேஷனிலிருந்து ஒரு சார்ஜண்ட். அண்ணியின் கூடப் பிறந்த அண்ணன் முத்தையா பெல்மதுளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து, ஆணி நெம்ப அலவாங்குக் கம்பியோடு வந்திருந்தார். அதே ஊரிலிருந்து திரும்பிய ஒரு பெண் அவரிடம் சொல்லியிருக்கிறாள், அந்த வீட்டுக்காரி இஸ்திரிப் பெட்டியால் சூடு வைக்கிறவள் என்று. "தொறந்து பாப்போம். ஒடம்புல ஒரு காயம் இருந்தாலும் இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம், டாக்டர் எழுதிக் குடுப்பாரு, கேஸ் போடுவோம்" என்றார். நியாயமான பேச்சு.

மருதை அண்ணன் பெட்டி மேல் குப்புற விழுந்துவிட்டார். "தொறக்கக்கூடாது மச்சான். அவளே சொன்னா."

"யாருகிட்ட சொன்னா?"

"எங்கிட்டத்தான். ரேடியோவுல."

கூட்டத்தில் யாரோ, பாவம், மூளை குழம்பிப்போச்சு என்றார்கள். சார்ஜண்ட், "மொகத மே?", என்ன இது என்று சிங்களத்தில் கேட்டுக்கொண்டு கிட்ட வந்தார். முத்தையா சுற்றிலும் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தார். "நீங்கதான ரேடியோ தெரிஞ்ச ஆளு. இவரு சொல்ற மாதிரி ஒரு ஆளு வெளிநாட்டுல இருந்து ரேடியோவுல பேச முடியுமா? நீங்க முடியாதுன்னு சொல்லுங்க, நா பொட்டிய தொறக்குறேன்."

முடியாது என்று ஒரு சொல். சொன்னால் அடுத்த கேள்வி, அப்போ இவருக்கு ஆறு மணிக்கு முள் வைத்துக் கொடுத்தது யார், எந்த ஸ்டேஷன், யார் பேசியது. சார்ஜண்ட் தமிழ் நன்றாக விளங்கிய மனிதர், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டிரான்ஸ்மிட்டர் என்ற சொல் வெளியே வந்தால் என்னை எங்கே கொண்டுபோவார்கள் என்று எனக்குத் தெரியும், போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"முடியும். வெளிநாட்டு ஸ்டேஷன்ல பேச விடுவாங்க" என்றேன்.

செத்தவள் பேச்சை மதித்துத்தான் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பொய். என் தோலைக் காப்பாற்றிக்கொண்டேன். முத்தையா அலவாங்கைக் கீழே போட்டார். அன்று பின்னேரமே ரப்பர் மலைக்கு அடியில் பெட்டியோடு புதைத்தோம். "எந் தங்கச்சி மொகத்தக்கூட நா பாக்கல" என்று சொல்லிக்கொண்டே அவர் பஸ் ஏறினார்.

முப்பதாம் நாள் காரியம் முடிந்து ஒரு நாள், நல்ல மழை, பால்வெட்டு இல்லை, ஸ்டோரிலும் எனக்கு வேலை இல்லை. மருதை அண்ணன் வந்து வாசலில் நின்றார். "தம்பி, அவ கடைசியா சொன்னத ஒரு கேசட்டுல புடிச்சுக் குடுங்க. எனக்கு அது மட்டும் போதும்."

ரேடியோவில் போனதைப் பிடிக்க முடியாது அண்ணே என்றேன். போகவில்லை. நின்றுகொண்டே இருந்தார். மேலெல்லாம் நனைந்திருந்தது, அந்த முகத்தைப் பார்க்க எனக்கு முடியவில்லை. எப்படியாவது ஆளை அனுப்பினால் போதும் என்றாகிவிட்டது. அவரை வெளியே திண்ணையில் உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். மூன்றாவது கேசட்டில் சாமான் அனுப்புவதைப் பற்றிச் சொல்கிற இடத்தில் 'பொட்டிய' இருந்தது. முதல் கேசட்டில், மழை நாளில் பின்கதவைத் தொறக்காதீங்க, அட்டை ஏறும் என்கிற இடத்தில் 'தொறக்காதீங்க' இருந்தது. டபிள் டெக் போய்விட்டதால் ஒரு செட்டின் ஸ்பீக்கருக்கு முன்னால் இன்னொரு செட்டின் மைக்கை வைத்துப் பிடித்தேன். முதல் சொல். நிறுத்தினேன். கேசட்டை மாற்றினேன். இரண்டாவது சொல். நிறுத்தக் கையை வைக்கிறேன், ஸ்டோரில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது.

மைக் திறந்திருக்கிறது. சங்கு கம்மிப்போய், இழுத்து, ஓயும்வரை முழுவதும் கேசட்டில் ஏறியது. என் விரல் பொத்தான் மேலேயே இருந்தது, அழுத்த வரவில்லை. திருப்பிப் போட்டுக் கேட்டேன். அதேதான். அன்றைக்கு ஆறு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது, மூச்சு விடுகிற இடம்கூட மாறாமல், இதே இரண்டு சொல், இதே சங்கு. இரண்டு மாதத்துக்கு மேல் கழித்து நான் செய்யப்போவது அன்றைக்கே எப்படிக் கேட்டது, எனக்குச் சொல்லத் தெரியவில்லை, உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

அழித்திருக்கலாம். அழிக்க ஒரு பொத்தான் போதும். ஆனால் மருதை அண்ணன் சத்தம் கேட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். "இதான் தம்பி. இதேதான். சங்குகூட அன்னிக்கு ஊதுன சங்குதான்" என்றார். அவருக்கு அதில் ஒரு விசித்திரமும் தெரியவில்லை. கையை நீட்டினார், கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு மழையோடு போனார்.

இப்போது எஹலியகொடை டவுனில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். முத்தையா வருஷத்துக்கு ஒரு தடவை தங்கச்சிக்குப் பூ வைக்க வரும்போது கடைக்கும் வருவார். "அன்னிக்கு நீங்க முடியாதுன்னு சொல்லியிருந்தா நா தொறந்து பாத்திருப்பேன்" என்பார், கோபமே இல்லாமல். டீ வாங்கிக் கொடுப்பேன். பெட்டிக்குள் அவள் எப்படி இருந்தாள் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. திறக்காதே என்று சொன்னது அவள் இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.